கடைமடைதான் முதலில் காயும்

சென்ற வருஷம் தை மாதம் மன்னார்குடியில் ஒரு கல்யாணப் பந்தி. என் அண்ணன் மகள் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தாள். போட்ட சோற்றை விரலால் பரப்பினாள். சாம்பார் விட்டதும் பிசைந்து, உருட்டி உருட்டி இலையின் ஓரத்துக்குக் கொண்டு போனாள். வடையைப் பிட்டுத் தூளாக்கினாள். அப்பளத்தை எடுத்து ஒதுக்கின சோற்றின் மேல் கவிழ்த்தாள். வெள்ளரிக்காய்ப் பச்சடியை மட்டும் இரண்டு தடவை கேட்டு வாங்கினாள். ரசம் வருவதற்குள் இலையை மடக்கிவிட்டு எழுந்தாள். பகல் பன்னிரண்டு மணி, மண்டபம் முழுக்கக் கூட்டம், எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டுகிறது. அவள் முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

அன்றைக்கு இதெல்லாம் கண்ணில் பட்டும் மனசில் ஏறவில்லை. ஏறியிருந்தால் மண்டப வாசலில் அவளைப் பார்த்ததும் நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்: "என்னடி, இளைச்சு எவ்வளவு அழகாயிட்டே!" எனக்கு முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

சித்திரைக் கடைசியில் கல்லூரிப் படிக்கட்டில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 44. மாதவிலக்கு நின்று ஏழு மாதம் ஆகியிருந்தது. அண்ணிக்கே அது தெரியாது. அண்ணன் திருத்துறைப்பூண்டிப் பக்கம் விவசாயம் பார்க்கிறவர். ஒவ்வொரு அறுவடைக்கும் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையாக நெல்லை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறவர். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு மூட்டை நெல்லு எடைகூட இல்லையேம்மா எம்பொண்ணு" என்றார்.

அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். "எழுது அத்தே, நாலு பேரு படிக்கட்டும்" என்று சொன்னதே அவள்தான்.

எங்கள் பாட்டி காலத்தில் இந்தப் பக்கம் 'இளைச்சுட்டியே' என்பது கவலைச் சொல். லீவுக்குப் போனால் பாட்டி முதலில் தோள்பட்டை எலும்பைத் தடவிப் பார்ப்பாள். "அங்க சோறு போடறாங்களா இல்லையா" என்பாள். அன்று ராத்திரியே குழம்பில் கெண்டை மீன் கொதிக்கும். பெண் பார்த்துவிட்டு வருகிறவர்கள் 'பூசினாப்ல இருக்கா' என்றால் அது நல்ல வார்த்தை. மெலிவுக்கு நம்மிடம் இருந்த சொற்களை எடுத்துப் பாருங்கள்: எலும்பும் தோலுமாக, வத்தலும் தொத்தலுமாக, ஒட்டி உலர்ந்து. எல்லாமே பசியிலிருந்தும் நோயிலிருந்தும் வந்தவை. நூலிடையும் கொடியிடையும் பாட்டிலும் சிலையிலும் இருந்தது உண்மைதான். அதை வைத்து எந்தப் பாட்டியும் பேத்தியின் தட்டில் சோற்றை அளக்கவில்லை.

இப்போது அதே 'இளைச்சுட்டியே' பாராட்டாகிவிட்டது. 'வெயிட் போட்டுட்டியே' என்பதுதான் சுருக்கென்று தைக்கிறது. ஒரே தலைமுறைக்குள் ஒரு சொல் தலைகீழாகப் புரண்டிருக்கிறது. நம் பிள்ளைகள் பட்டினி கிடப்பது நம் கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கு முதல் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். நோயின் முதல் அறிகுறிக்கே நாம் கைதட்டிவிடுகிறோம்.

இந்தப் புரட்டல் எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்பதற்கு ஃபிஜித் தீவில் ஒரு ஆதாரம் இருக்கிறது. அங்கேயும் நம் ஊர் மாதிரிதான். விருந்தாளியை 'இன்னும் கொஞ்சம்' என்று வற்புறுத்துவார்கள், வாட்டசாட்டமான உடம்புக்கு மரியாதை, யாராவது மெலிந்தால் உறவுக்காரர்கள் பதறுவார்கள். 1995-ல் நட்ரோகா என்ற பகுதிக்கு டிவி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஹார்வர்டு ஆய்வாளர் அந்த வருஷமும், மறுபடி 1998-லும் அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் பேசினார். எடையைக் குறைக்க வாந்தி எடுப்பதாக 1995-ல் ஒரு பெண்கூடச் சொல்லவில்லை. 1998-ல் 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். அது வீட்டுக் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து பார்க்கிற டிவி. நம் பிள்ளைகள் கையில் இருக்கும் போனோ அவர்கள் முகத்தையே படம் பிடித்து, கன்னத்தைக் கொஞ்சம் ஒடுக்கி, தாடையைக் கொஞ்சம் கூர்மையாக்கிக் காட்டுகிறது. கண்ணாடியில் தெரியும் முகம் அதற்குப் பிறகு யாருக்குப் பிடிக்கும்?

உடம்புக்கு டயட் என்றால் என்னவென்று தெரியாது. பஞ்சம் என்றால் தெரியும். கல்யாணத்துக்குள் பத்து கிலோ குறைக்க வேண்டுமென்று நாமே சோற்றை நிறுத்தினாலும், விளைச்சல் பொய்த்துச் சோறு நின்றாலும், உள்ளே நடப்பது ஒன்றுதான்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு சோதனையைத் தொடங்கினார். போரினால் ஐரோப்பாவில் பல நாடுகள் பட்டினியில் கிடந்தன. அந்த மக்களை எப்படிச் சோறு போட்டு மீட்பது என்று தெரிய வேண்டியிருந்தது. போரிட மனசாட்சி இடம் கொடுக்காததால் ராணுவத்தில் சேர மறுத்த 36 இளைஞர்கள் இதற்கு முன்வந்தார்கள். உடம்பும் மனசும் திடமானவர்கள் என்று சோதித்துத்தான் எடுத்தார்கள். 24 வாரம், நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. எடையில் கிட்டத்தட்டக் கால் பங்கு கரைந்தது.

மனசுக்கு நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார்கள். தட்டில் இருக்கும் கொஞ்சத்தை மணிக்கணக்காக இழுத்து இழுத்துச் சாப்பிட்டார்கள், தட்டை நக்கினார்கள். கோடையிலும் குளிர்ந்தது. சிரிப்பு நின்றது, நண்பர்கள் வேண்டாதவர்கள் ஆனார்கள், காதலி மேல் இருந்த ஆசை போனது. சோதனை முடிந்து வயிறார சோறு போட்ட பிறகும் பலருக்கு மாதக்கணக்கில் பசி அடங்கவில்லை.

நான் இதைப் படித்தபோது அந்த ஸ்வெட்டர் ஞாபகம் வந்தது. அண்ணி சொன்னதும் ஞாபகம் வந்தது: "ராத்திரி ஒரு மணி வரைக்கும் சமையல் வீடியோவா பாத்துக்கிட்டு இருப்பா. ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் பிரியாணி செஞ்சு போட்டா. நல்லாத்தானே இருக்கான்னு நெனச்சேன்." அந்தப் பிரியாணியில் அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 கணக்குப்படி 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 2,500 கலோரி தேவை. உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு 1,660. நாற்று நடுவது போன்ற கடும் உழைப்புக்கு 2,720. மினசோட்டாவில் அரைப்பட்டினி என்று பெயர் வைத்துக் கொடுத்ததைவிடக் குறைவான அளவை, வளர்கிற பெண்களுக்கு 'ஏழே நாளில்' என்று போனில் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

உள்ளே நடப்பது டெல்டாக்காரர்களுக்குப் புரியாத விஷயம் இல்லை. மேட்டூரில் இருப்பு குறைந்தால் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். தலைமடைக்கு எப்படியும் வந்துவிடும். கடைமடைதான் முதலில் காயும். உடம்புக்கும் ஒரு முறைப்பாசனம் உண்டு. மூளையும் இதயமும் தலைமடை. முடி, நகம், தோல், கர்ப்பப்பை, எலும்பு எல்லாம் கடைமடை.

முடி உடனே கொட்டாது. சோற்றை நிறுத்தி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் சீப்பு சீப்பாக வரும். அதனால் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. தண்ணீர் சரியில்லை என்பார்கள், எண்ணெயை மாற்றுவார்கள். தைராய்டு சுரப்பு இறங்குவதால் குளிர் தாங்காது. கையிலும் முதுகிலும் பூனைமுடி மாதிரி மெல்லிய ரோமம் முளைக்கும். மாதவிலக்கு நிற்கும், கர்ப்பப்பையில் கோளாறு இல்லை, 'இப்போது பிள்ளை சுமக்க இந்த வீட்டில் தானியம் இல்லை' என்று மூளையே மதகை மூடிவிடுகிறது. அதோடு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் குறைவதால் எலும்பு வலுவிழக்கும். எலும்பின் பெரும்பங்கு இருபது வயதுக்குள் கட்டி முடிகிறது. அந்த வயதில் இழந்ததை அப்புறம் முழுசாகத் திரும்பப் பிடிப்பது கஷ்டம்.

குடலும் மந்தமாகும். "ரெண்டு வாய்லயே வயிறு ரொம்பிடுது" என்று அவள் சொன்னது பொய்யில்லை. இந்தியாவிலும் ஆசியாவின் மற்ற நாடுகளிலும் 'குண்டாகிவிடுவேன்' என்ற பயத்தை வெளியே சொல்லாமல், வயிறு உப்புசம், பசியில்லை என்று மட்டும் சொல்லும் நோயாளிகள் நிறைய. அதனால் வயிற்று டாக்டரிடமே மாதக்கணக்கில் அலைகிறார்கள். இப்படிப் பட்டினி கிடக்க வைக்கும் நோய்க்கு அனோரெக்சியா நெர்வோசா என்ற பெயரை லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1870-களிலேயே வைத்துவிட்டார். மனநோய்களிலேயே அதிகம் உயிர் பறிப்பவற்றில் இது ஒன்று.

கடைசியில் தலைமடையும் காயும். இதயமும் ஒரு தசை, அதுவும் கரையும். வாந்தி எடுப்பதும் பேதி மாத்திரை போடுவதும் சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி, இதயம் முன்னறிவிப்பு இல்லாமல் தாளம் தப்பும். 1970-களில் அமெரிக்காவில் புரோட்டீன் திரவம் மட்டுமே குடித்து எடை குறைத்தவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனது பதிவாகியிருக்கிறது. பலருக்கு இதயத் துடிப்புதான் சீர்கெட்டது. பாடகி கேரன் கார்ப்பென்டர் 1983-ல் இறந்தபோது அவருக்கு வயது 32.

இவ்வளவு ஆபத்து இருந்தும் ஏன் பிள்ளைகள் நம்புகிறார்கள்? முதல் வாரம் மெஷினில் எண் நிஜமாகவே இறங்குகிறது. அதற்கும் களத்துமேட்டில் பதில் இருக்கிறது. 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதலில் எடுக்க மாட்டார்கள் என்று நெல்லைக் காயப் போடுகிறோம். காய்ந்த நெல் எடை குறைகிறது. நெல்மணி ஒன்றுகூடக் குறையவில்லை, ஈரம்தான் போயிருக்கிறது. நம் தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் முதலில் இந்தச் சேமிப்பு கரைந்து, அது பிடித்து வைத்திருந்த தண்ணீர் வெளியேறும். ஐந்தாறு நாளில் இரண்டு கிலோ. கொழுப்பு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மறுபடி சாப்பிட்டதும் அந்த இரண்டு கிலோ திரும்பி வரும். 'சோறு தின்னதால்தான்' என்று பழி சோற்றின் மேல் விழும்.

பெண்களைப் பற்றியே பேசினேன். பையன்கள் கணக்கு வேறு. பொங்கல் சமயத்தில் ஊர் ஊராகக் கபடிப் போட்டி பேனர் தொங்கும்: 55 கிலோ, 60 கிலோ, 65 கிலோ. எடைப்பிரிவுக்குள் அடங்குவதற்காக முந்தின நாளிலிருந்தே பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், வெயிலில் இரண்டு சட்டை மாட்டிக்கொண்டு வாய்க்கால் கரையில் ஓடுகிறார்கள். எடை போட்டு முடிந்ததும் பாட்டில் பாட்டிலாகக் குடித்துவிட்டு மைதானத்தில் இறங்குகிறார்கள். ஊரே இதை வீரம் என்று பார்க்கிறது. ரத்தம் கெட்டியாகி, உடல் சூடு இறங்க வழியில்லாமல், சிறுநீரகமும் இதயமும் ஒரே நேரத்தில் தடுமாறும் நிலை அது. 1997 கடைசியில் அமெரிக்காவில் இதே மாதிரி எடைப்பிரிவுக்காக உடம்பை வற்றவைத்த கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் ஐந்து வாரத்துக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே எடை போடும் விதிகளையே மாற்றினார்கள். நம் போட்டிக் கமிட்டிகள் எடை போட்ட கையோடு ஆட்டத்தை ஆரம்பித்தால், தண்ணீர் வற்றிய உடம்போடு ஆட வேண்டுமே என்ற பயத்தில் பாதிப் பேராவது இதை விடுவார்கள். கமிட்டியில் இருப்பவர்கள் நம் அண்ணன் தம்பிகள்தானே, கேட்டுப் பார்க்கலாம்.

எடையே பிரச்சனை இல்லை என்று சொல்ல வரவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை. அதே கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெரியும்: கனத்த உடம்புக்குள்ளும் சத்துப் பஞ்சம் இருக்கிறது. அப்படிப்பட்டவரிடம் போய்ச் சாப்பாட்டை நிறுத்தச் சொன்னால் இருக்கிற கொஞ்ச இரும்புச்சத்தும் போகும்.

எங்கள் அம்மா நடவு நட்டாள். நான் பள்ளிக்கூட லீவில் மட்டும் இறங்கினேன். அண்ணன் மகள் சேற்றில் கால் வைத்ததே இல்லை. நடவுக்கும் அறுப்புக்கும் மிஷின் வந்துவிட்டது. தட்டில் விழும் சோற்றின் அளவு மட்டும் அம்மா காலத்து அளவாகவே நின்றுவிட்டது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் இதைச் சரிசெய்யத்தான் வேண்டும். ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து ஒரு கரண்டி பருப்பைக் கூட்டுவது, வரப்பில் கிடக்கும் பொன்னாங்கண்ணியையும் கொல்லை முருங்கையையும் வாரத்தில் நாலு நாள் சமைப்பது, சாயங்காலம் பகோடாப் பொட்டலத்தைக் குறைப்பது, ஆற்றங்கரையில் அரை மணி நேரம் நடப்பது. வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் தாராளம். மொத்த எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைந்தாலே சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் நல்ல பலன் தெரியும். வேகமாக இறக்கினால் பித்தப்பையில் கல் சேரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கறுப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா என்று நெல் ஜெயராமன் போன்றவர்கள் பாடுபட்டு மீட்ட அரிசிகளை இன்று 'ஒல்லியாக்கும் அரிசி' என்று பாக்கெட்டில் அடைத்து விற்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர் மீட்டது நாம் சாப்பிடுவதற்கு.

ஜிம்மிலும் போனிலும் எல்லோரும் பார்க்கும், எடையை உயரத்தோடு ஒப்பிடும் பிஎம்ஐ பற்றியும் ஒரு வார்த்தை. 1830-களில் பெல்ஜியத்தின் அடோல்ஃப் கெட்டலே என்ற கணித அறிஞர் மக்கள் கூட்டத்தின் சராசரியைப் படிக்கப் போட்ட கணக்கு அது. 1972-ல் அதற்கு இன்றைய பெயரை வைத்தது, பட்டினியை அளந்த அதே ஆன்சல் கீஸ். கூட்டத்துக்கு உதவும் அளவு. உங்கள் பெண்ணின் உடம்பில் தசை எவ்வளவு, ரத்தம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

வீட்டில் எதைக் கவனிப்பது? வெள்ளிக்கிழமை விரதம், சஷ்டி விரதம், ஆடி விரதம் என்று திடீரென்று விரதங்கள் கூடிக்கொண்டே போனால் கவனியுங்கள். பக்தியைக் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டில் கோயிலுக்குப் போகாத பிள்ளை ஒரே மாதத்தில் பதினோரு நாள் விரதம் இருந்தாள், யாரும் வாய் திறக்கவில்லை. 'காலேஜிலேயே சாப்பிட்டேன்' என்பது தினசரிப் பேச்சானால், சாப்பிட்ட உடனே குழாயைத் திறந்துவிட்டுப் பாத்ரூமில் நேரம் போனால், ஒரு நாளில் நாலு தடவை எடை பார்த்தால், மாதவிலக்கு மூன்று மாதம் தள்ளிப்போனால் கூட்டிக்கொண்டு போங்கள். நாடி 50-க்குக் கீழே இருந்தாலோ எழுந்து நின்றால் தலை சுற்றினாலோ அன்றைக்கே. இசிஜியும் ரத்தத்தில் பொட்டாசியமும் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். எந்த நேரமும், இலவசமாக.

மயங்கி விழுந்த அன்று நாங்கள் எல்லோரும் செய்யப் பார்த்தது சோறு ஊட்டத்தான். அண்ணி கோழி சூப்பும் இட்லியுமாக டப்பாவோடு வந்து நின்றாள். டாக்டர் தடுத்துவிட்டார். "நீங்க நல்லதுதாம்மா நினைக்கிறீங்க, ஆனா இப்ப ஒரேயடியா கொடுத்தா அதுவே ஆபத்து" என்றார். நாட்பட்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று மாவுச்சத்து உள்ளே போனால் இன்சுலின் எகிறி, ரத்தத்திலிருக்கும் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் பாய்ந்துவிடும், இதயம் நின்றுபோகலாம். இரண்டாம் உலகப்போர் முடிந்து விடுவிக்கப்பட்ட கைதிகளில் சிலர், சோறு கிடைத்த பிறகு இறந்துபோனதில்தான் மருத்துவம் இதைக் கற்றுக்கொண்டது. ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து, முதல் வாரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினார்கள்.

அதற்கப்புறம் வீட்டில் நடந்ததுதான் நீளமான வேலை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவான ஒரு முறை இருக்கிறது: பிள்ளையின் சாப்பாட்டுப் பொறுப்பைக் கொஞ்ச நாளைக்குப் பெற்றோரே முழுசாக எடுத்துக்கொள்வது, திட்டாமல், கெஞ்சாமல், மருந்து கொடுப்பதைப் போல வேளை தவறாமல் கூட உட்கார்ந்து சாப்பிட வைப்பது. டாக்டர் இதைச் சொன்னபோது அண்ணி, "இது நம்ம வீட்டு வழக்கம்தானே டாக்டர்" என்றாள். அது எவ்வளவு கஷ்டம் என்று இரண்டாம் நாளே தெரிந்தது. ஒரு தோசைக்கு ஒன்றரை மணி நேரம், அழுகை, தட்டு பறந்தது. அண்ணன் வயல் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மத்தியானம் தவறாமல் வந்து அவளோடு உட்கார்ந்தார். கட்டிலுக்கடியில் இருந்த எடை மெஷின் பக்கத்து வீட்டுக்குப் போனது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் அண்ணி போனில் கேட்டுக்கொண்டாள்: அவளைப் பார்த்து உடம்பைப் பற்றி எதுவும் பேசாதீர்கள், நல்லதாகவும் வேண்டாம். 'தேறிட்டியே' என்று அன்பாகச் சொன்னால்கூட அவள் காதில் 'குண்டாயிட்டே' என்றுதான் விழும்.

இந்த மாட்டுப் பொங்கலுக்குக் கும்பகோணத்தில் என் வீட்டுக்குத் தனியாகவே பஸ் ஏறி வந்தாள். முழுசாகக் குணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆவணியில் ஒரு சறுக்கல் வந்தது, மாதம் ஒரு தடவை டாக்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஸ்வெட்டர் இல்லை. வாய் வரைக்கும் ஒரு வார்த்தை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

"வாடி, பஸ்ஸுல உக்கார எடம் கெடச்சுதா?"

"குடவாசல் வரைக்கும் நின்னுக்கிட்டேதான் அத்தே வந்தேன். காலு ரெண்டும் விட்டுப்போச்சு."

தண்ணீர் கொண்டுவர உள்ளே போனேன்.